கண்ணைப் பழிப்பவர்க்கு ஒரு மறுப்பு

"கண்ணுக்கு விருந்து, கருத்துக்குப் பட்டினி." ஜார்ஜ் மில்லர் இயக்கி 2015ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' பற்றி இலக்கிய அன்பர்கள் கூடுமிடங்களில் நாம் இன்றளவும் கேட்டுவரும் தீர்ப்பு இது. தீர்ப்புரைப்பவர் பெரும்பாலும் நல்ல வாசகராகவே இருப்பார். படம் ஓடிய இரண்டு மணி நேரமும் இருக்கையின் நுனியில் அமர்ந்திருந்ததை மறைக்கவும் மாட்டார். ஆயினும் அரங்கை விட்டு வெளியே வந்ததும், செய்யத் தகாததைச் செய்துவிட்டவர் போல ஒரு கூச்சம் அவரைப் பற்றிக்கொள்ளும். "எல்லாம் சரி, கதை எங்கே? போனார்கள், திரும்பி வந்தார்கள், அவ்வளவுதானே?" என்பார். இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வதும், அது தகாதது என்று நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நம் துணிபை முதலிலேயே சொல்லிவிடுவோம். இப்படத்தின் காட்சித் திறம், எங்கோ தனியே கிடக்கும் கதையின் மேல் பூசப்பட்ட வண்ணம் அன்று. கதையும் அதுவே, அக்கதை உரைக்கும் அறமும் அதுவே. இரண்டையும் பிரித்து, ஒன்றைப் பாராட்டி மற்றொன்றைக் காணோம் என்பவர், உண்மையில் படத்தைப் பார்க்கவே இல்லை.

படம் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருங்கச் சொல்வோம். உலகம் அழிந்தபின் எஞ்சிய பாலைவெளியில், நிலத்தடி நீரைத் தன் கைக்குள் வைத்திருக்கும் இம்மார்ட்டன் ஜோ என்னும் கொடுங்கோலன் மலைக்கோட்டையொன்றிலிருந்து ஆள்கிறான். நாளுக்குச் சில நொடிகள் குழாய்களைத் திறந்து, கீழே மொய்க்கும் மக்களுக்குத் தண்ணீரைக் காட்டிவிட்டு மூடிவிடுவான். தனக்கு நலமான வாரிசு வேண்டி ஐந்து இளம்பெண்களைப் பெட்டக அறையில் அடைத்து வைத்திருக்கிறான். அவனுடைய படைத்தலைவியருள் ஒருத்தியாகிய ஃப்யூரியோசா, ஒரு கை இழந்தவள், அவ்வைவரையும் தன் பெருவண்டியில் ஒளித்துக்கொண்டு, தான் பிறந்த 'பசுமை நிலம்' நோக்கி ஓடுகிறாள். ஜோவின் படை துரத்துகிறது. அப்படையில் நோயுற்ற வீரன் நக்ஸுக்குக் குருதியூட்டும் உயிருள்ள பையாக, முகத்தில் இரும்புப் பூட்டுடன் வண்டியின் முன்னே கட்டப்பட்டிருப்பவன்தான் மேக்ஸ். ஓட்டமும் துரத்தலும் திரும்பலும் மட்டுமே மீதிக் கதை.

"அவ்வளவுதானே?" என்பவர்க்கு முதல் மறுமொழி, இப்படம் எழுதப்பட்ட விதத்திலேயே உள்ளது. மில்லரும் பிரெண்டன் மெக்கார்த்தி முதலிய ஓவியர்களும் அமர்ந்து ஏறத்தாழ 3,500 சட்டகங்களாக இப்படத்தை முதலில் வரைந்தனர். உரையாடல் தாங்கிய திரைக்கதை எழுதுவதற்கு முன்பே படம் ஓவியமாக முழுமை பெற்றிருந்தது. இதனைச் சோம்பல் என்றோ, எழுதத் தெரியாமை என்றோ எண்ணுவது அறியாமை. பேசாப்படக் காலத்தின் இலக்கணம் இது. சொல்லின் துணையின்றி ஒருவன் யார், அவனுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பதை அசைவினாலேயே சொல்லிவிடக் கற்ற மரபு அது. பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926) படத்தை நினைவுகூர்க. களவு போன புகைவண்டியைத் துரத்தி வடக்கே செல்வதும், மீட்டுக்கொண்டு அதே தண்டவாளத்தில் தெற்கே திரும்புவதுமே அதன் கதை. போனான், வந்தான். அப்படத்தைப் பார்த்து "கதை எங்கே?" என்று கேட்பவரை இன்று எவரும் மதிப்பதில்லை. அதே வடிவத்தைத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து எழுபது வயது முதியவர் ஒருவர் வண்ணத்திலும் ஓசையிலும் செய்துகாட்டினால் மட்டும் அளவுகோல் ஏன் மாறுகிறது?

அதிரடிப் படங்களில் வெட்டுகள் மிகும்போது கண் குழம்புவது இயல்பு. 2004இலும் 2007இலும் வெளிவந்த 'போர்ன்' வரிசைப் படங்களின் வெற்றிக்குப் பின், நடுங்கும் கேமராவும் நொடிக்கு நொடி மாறும் கோணங்களும் ஆங்கிலப் படவுலகில் தொற்றுநோய் போலப் பரவின. அப்படங்களில் குழப்பத்திற்கு ஒரு காரணம் இருந்தது. அவற்றைப் பார்த்துச் செய்யப்பட்டவற்றில் குழப்பம் மட்டுமே இருந்தது. யார் யாரை அடித்தார், எந்தக் கதவின் வழியே எவர் தப்பினார் என்பது விளங்காது. அடி விழுந்தது என்பது மட்டும் ஓசையால் தெரியும்.

மில்லரின் படத்திலோ 120 நிமிடங்களில் ஏறத்தாழ 2,700 வெட்டுகள். கணக்கிட்டால் ஒரு காட்சித்துண்டின் சராசரி நீளம் மூன்று நொடிக்கும் குறைவு. இத்தனை வேகத்தில் நாம் குருடராகியிருக்க வேண்டும், ஆகவில்லை. காரணம் எளிமையானது. ஒளிப்பதிவாளர் ஜான் சீலும் அவருடைய குழுவினரும், எது முதன்மையோ அதனைச் சட்டகத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டும் என்பது மில்லரின் கட்டளை. முகமாயின் மூக்கின் மேல் நடுக்குறி. துப்பாக்கியாயின் துப்பாக்கியின் மேல். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது, கண் தேடி அலைய வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே அடுத்த செய்தி காத்திருக்கிறது. படத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி நொடிக்கு 24 சட்டகம் என்னும் வழக்கமான வேகத்தில் ஓடவில்லை என்று சீல் கூறியிருக்கிறார். விளங்காதது சற்று மெதுவாக்கப்பட்டது, விளங்கியது விரைவாக்கப்பட்டது. ஏறத்தாழ 480 மணி நேரப் படச்சுருளிலிருந்து இதனைக் கடைந்தெடுத்தவர் மார்கரெட் சிக்செல். இப்படத்திற்கு முன் அவர் அதிரடிப் படம் எதனையும் தொகுத்ததில்லை. பழகிய கையாயிருப்பின் பழகிய குழப்பமே வாய்த்திருக்கும்.

இதனை 'உத்தி' என்று ஒரு சொல்லில் ஒதுக்குபவரோடுதான் நமக்குப் பூசல். பார்வையாளனின் கண் இப்போது எங்கே இருக்கிறது, அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று 2,700 முறை எண்ணிப் பார்ப்பது பார்வையாளனை மதிப்பது ஆகாதா? தெளிவாக எழுதுவதை உரைநடையின் ஒழுக்கம் என்று போற்றும் நாம், தெளிவாகக் காட்டுவதை மட்டும் வெறும் கைத்திறம் என்பது எந்த நியாயம்?

காட்சியொன்றை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவு, சேற்றில் வண்டி சிக்கியிருக்கிறது, தேடுவிளக்குடன் பகைவனின் வாகனம் நெருங்குகிறது. மேக்ஸ் நெடுந்துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான், குறி தவறுகிறது. மறுபடியும் தவறுகிறது. எஞ்சியது ஒரே குண்டு. பின்னால் ஃப்யூரியோசா வந்து நிற்கிறாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, வாதிடவில்லை. துப்பாக்கியை அவளிடம் நீட்டுகிறான். அவள் அதனை அவன் தோள்மேல் சார்த்திக் குறிபார்த்து, மூச்சுவிடாதே என்று மட்டும் சொல்லிச் சுடுகிறாள். விளக்கு உடைகிறது.

சற்று முன்புதான் ஒருவரையொருவர் கொல்ல முயன்றவர்கள் இவ்விருவரும். அவள் தன்னினும் வல்லவள் என்று அவன் ஏற்பதும், அவன் உடலைத் தாங்கியாகக் கொள்ளுமளவு அவள் அவனை நம்புவதும், ஆண் என்னும் செருக்கு ஒரு தோளளவுக்குத் தாழ்வதும் இக்காட்சியில் நிகழ்கின்றன. நாவலாசிரியர் ஒருவர் இதற்கு நான்கு பக்கம் எடுத்துக்கொண்டால் 'நுட்பமான உளவியல் சித்திரிப்பு' என்று வியப்போம். அரை நிமிடத்தில் உடலசைவால் சொல்லிவிட்டால் 'கதை இல்லை' என்போம்.

தமிழ் படித்தோர் இவ்வாறு சொல்வதுதான் நமக்குப் பெருவியப்பு. உள்ளத்து உணர்ச்சி உடலின்மேல் புலப்படுவதனை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே ஒதுக்கியவர் தொல்காப்பியர். அவ்வியலை அவர் முடிக்கும் இடமும் கருதத்தக்கது. கண்ணாலும் செவியாலும் கூர்ந்து உணர வல்லாரே இதன் பொருளை அறிய முடியும் என்னும் கருத்தோடு முடிக்கிறார். கண்ணும் செவியும் அறிவுக்குக் கீழான வாயில்கள் என்று நம் மரபு எங்கும் சொல்லவில்லை. அவற்றைப் பழிக்கும் பழக்கம் பிற்காலத்தில் நம் வகுப்பறைகளில் வந்து புகுந்தது. 'இப்பாடலின் மையக் கருத்து யாது?' என்ற வினாவுக்கு ஐந்து மதிப்பெண் என்று பழக்கிவிட்டோம். பாடலைப் பிழிந்து கருத்தை எடுத்துக்கொண்டு சக்கையை எறிவதே கல்வி என்று மாணவர் நம்புகின்றனர். அந்த மாணவரே வளர்ந்து விமரிசகராகிப் படத்தைப் பிழிகிறார். சாறு வரவில்லை என்று குறைப்படுகிறார்.

சரி, கருத்தே வேண்டும் என்பார்க்கும் இப்படத்தில் ஒன்று உண்டு. அதுவும் பார்த்தலைப் பற்றியதே. ஜோவின் இளம்வீரர்கள் சாகப் பாய்வதற்கு முன் வாயில் வெள்ளிச் சாயத்தைத் தெளித்துக்கொண்டு, தம்மைப் பார்க்கும்படி, தம் சாவுக்குச் சாட்சியாகும்படி தோழரிடம் கூவுகின்றனர். ஒருவரும் பாராத சாவு அவர்களுக்கு வீண் சாவு. நக்ஸின் வாழ்வே இந்தப் பசிதான். துரத்தலின் நடுவே ஜோவின் கண் தன்மேல் ஒரு கணம் பட்டது என்று களிக்கிறான். அவன் உன்னைப் பார்க்கவில்லை என்று தோழன் மறுக்கிறான். பின்னர் ஜோவின் கண்ணெதிரேயே நக்ஸ் கால் இடறித் தோற்க, தலைவன் ஒற்றைச் சொல்லில் அவனை இகழ்ந்துவிட்டுப் போகிறான். முற்றிலும் உடைந்து வண்டியின் மூலையில் சுருண்டு கிடப்பவனை, தப்பியோடும் ஐவருள் ஒருத்தியான கேப்பபிள் கண்டெடுக்கிறாள். அருகே படுத்து அவன் சொல்வதைக் கேட்கிறாள். இறுதியில் மற்றவர் உயிர் காக்கத் தன் வண்டியைக் கவிழ்க்கும்போது அதே வேண்டுகோளை அவன் அவளை நோக்கி விடுக்கிறான். இம்முறை கூவவில்லை, மெல்லச் சொல்கிறான். சொல் மாறவில்லை, யாருடைய கண்ணுக்காக என்பது மாறிவிட்டது. ஆள்பவனின் பார்வைக்காகச் சாகப் பிறந்தவன் தன்னை மனிதனாகப் பார்த்த ஒருத்தியின் கண்முன்னே இறக்கிறான். இதைவிடப் பெரிய கதை எது வேண்டும்?

எதைக் காட்டக்கூடாது என்பதையும் படம் அறிந்திருக்கிறது. மேற்சொன்ன அதே இரவில் மேக்ஸ் தனியே பனிமூட்டத்துக்குள் போகிறான். வெடியோசை கேட்கிறது, ஒளி தெரிகிறது. முகமெல்லாம் குருதியுடன் ஆயுதங்களைச் சுமந்து திரும்புகிறான். அக்குருதி அவனுடையதன்று. படத்தின் தனிப்பெரும் வீரச்செயல் இதுவாக இருக்கலாம். நமக்கு அது காட்டப்படவே இல்லை. நாயகனைத் தூக்கிப் பிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறு இல்லை. மில்லர் அதனை மூட்டத்துக்குள் விட்டுவிட்டார். காட்சி மயக்கத்தில் திளைக்கும் படமென்று பழிக்கப்படும் ஒன்றில் இத்தகைய அடக்கம் எவ்வாறு வந்தது என்று பழிப்பவர் எண்ணிப் பார்க்கட்டும்.

பெண்களைக் காட்டும் முறையிலும் இதே ஒழுங்கைக் காணலாம். ஐந்து பெண்களும் முதன்முதலாக முழுமையாகத் தோன்றும் இடம், வண்டியின் குழாய்நீரில் அவர்கள் தம்மைக் கழுவிக்கொள்ளும் காட்சி. வெண்ணிற மெல்லாடை, பாலைவெயில், தண்ணீர். மலிவான இச்சைக்கு வேண்டிய யாவும் சட்டகத்துள் உள்ளன. ஆனால் அடுத்த கணமே கண்ணில் படுவது, அவர்களது இடுப்பில் பூட்டப்பட்ட பற்கள் கொண்ட இரும்புக் கவசங்களை அவர்கள் கத்தரித்து எறிவது. தாகத்தால் வாடிய மேக்ஸுக்கோ பெண்கள் பொருட்டில்லை, தண்ணீர்தான் வேண்டும். தாங்கள் உடைமைகள் அல்லர் என்று அப்பெண்கள் சிறையின் சுவரில் எழுதிவைத்ததைப் பலரும் மேற்கோள் காட்டி இது பெண்விடுதலைப் படம் என்கின்றனர். சுவரில் எழுதுவது எளிது. அவ்வாசகத்துக்கு உண்மையாகக் கேமரா நடந்துகொண்டதே அரிது.

மறுபுறத்தில் இப்படத்தின் அடியார்கள் இருக்கின்றனர். அவர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. "இதில் கணினி வரைகலையே கிடையாது, எல்லாம் மெய்யாகவே செய்தது" என்பது அவர்தம் மந்திரம். இதுவும் பொய்யான புகழ்ச்சி. ஏறத்தாழ 2,000 காட்சித்துண்டுகளில் கணினியின் கை பட்டிருக்கிறது. வண்டிகளை விழுங்கும் மணற்புயல் கணினியில் பிறந்தது. ஃப்யூரியோசாவின் இல்லாத கை, நடிகை சார்லிஸ் தெரோனின் கையில் பச்சை உறை மாட்டிப் பின்னர் அழிக்கப்பட்டது. கோட்டையின் பெருந்தோற்றமும் பல வானங்களும் பிற்சேர்க்கைகள். வீரர்களைத் தாங்கிய கம்பிகள் நீக்கப்பட்டன.

அதே வேளையில், மெய்யாகச் செய்யப்பட்டவை மிகப் பல என்பதும் உண்மை. ஏறத்தாழ 150 வாகனங்களை வடிவமைப்பாளர் காலின் கிப்சனின் குழு ஓடும் நிலையில் கட்டியது. நெடுங்கம்பங்களின் உச்சியில் அமர்ந்து வண்டிக்கு வண்டி ஆடிச் செல்லும் வீரர்களைக் கணினியில்தான் உருவாக்க இயலும் என்று மில்லரே முதலில் எண்ணியிருந்தார். ஓடும் வண்டியின் மேலேயே அதனைச் செய்துகாட்டியவர் சண்டைப் பயிற்சியாளர் கை நாரிஸ். போர்முரசுக்கு ஈடாகப் படையின் முன்னே தீயுமிழும் கிட்டாரை மீட்டிவரும் குருடனின் கருவி மெய்யாகவே தீ உமிழ்ந்தது. ஆக, மெய்யும் புனைவும் இங்கே இழையும் ஊடுமாக நெய்யப்பட்டுள்ளன. கேட்க வேண்டிய கேள்வி 'கணினியா, கையா?' என்பதன்று; எடையும் தூரமும் ஆபத்தும் நம் கண்ணுக்கு நம்பும்படி உள்ளனவா என்பதே. 'எல்லாம் மெய்' என்று முழங்குபவரும் 'எல்லாம் வெற்றுக் காட்சி' என்று முகஞ்சுளிப்பவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் படத்துக்கு வெளியே நின்று பேசுகின்றனர்.

இனி நிலத்துக்கு வருவோம். உலகழிவுப் படம் என்றால் சாம்பல் நிறம் என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். ஜான் ஹில்கோட்டின் 'தி ரோட்' (2009) அவ்வாறே இருந்தது. அப்படத்துக்கு அது பொருத்தமும்கூட. மில்லர் சட்டத்தை மீறினார். மணல் செம்பொன்னாகவும் வானம் ஆழ்நீலமாகவும் தோன்றும்படி நிறங்களைச் செறிவூட்டினார். இரவுக் காட்சிகளைப் பட்டப்பகலில், வழக்கத்தினும் மிகுதியாக ஒளியை வாங்கிப் படமாக்கிப் பின்னர் நீலத்தில் ஆழ்த்தினார். இதனை அழகுமோகம் என்பார் உளர். அழிந்த உலகின்மேல் இத்தனை அழகு ஏன் என்று கேட்பார் உளர். அழகானதுதான் அழிந்தது என்று உணர்த்த வேறு வழி யாது?

பாலை என்பதைத் தனி நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து அடையும் நிலையாகக் கண்டது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. பாலை இருப்பதன்று, ஆவது. இக்கருத்தை அறிந்த தமிழ் வாசகர், இப்படத்தின் நடுவில் வரும் ஒரு செய்தியைக் கேட்டு நடுங்கியிருக்க வேண்டும். ஃப்யூரியோசா தன் குலத்து மூதாட்டியரைக் கண்டு, பசுமை நிலம் எங்கே என்று கேட்கிறாள். மண் கைத்தது, நீர் நஞ்சானது, காகங்கள் வந்தன என்கின்றனர் அவர்கள். நேற்றிரவு அவள் வண்டி சிக்கித் திணறிய அந்தச் சேற்றுநிலமே அது. கனவு கண்ட தாயகத்தின் வழியாகவே அவள் வந்திருக்கிறாள், அடையாளம் தெரியவில்லை. மணல்மேட்டில் முழந்தாளிட்டு அவள் அலறும் அலறலில், நிலம் திரிந்ததன் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஐந்து பெண்கள் அடிக்கடி கேட்கும் வினா, உலகைக் கொன்றவர் யார் என்பது. வினாவுக்கு விரிவுரை தரப்படவில்லை. நாமும் அச்சேற்றைப் பார்த்தோம், நாமும் அடையாளம் காணவில்லை என்ற உணர்வே விடையாகத் தரப்படுகிறது.

படைப்புக்குப் புறத்தே நிகழ்ந்த ஒன்று இங்கே பொருந்தி வருவதைச் சொல்லாதிருக்க இயலாது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் பகுதியில் படமாக்கத் திட்டமிட்டிருந்தபோது பெருமழை பெய்து, வறண்ட செந்நிலம் பூத்துவிட்டது. பாலை முல்லையாகத் திரிந்ததால் படக்குழு 2012இல் நமீபியாவுக்குப் பெயர்ந்தது.

அங்கேதான் இப்படத்தின் மீது சுமத்தத்தக்க மெய்யான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. நம் இலக்கிய அன்பர்கள் அதனை எழுப்பியதே இல்லை. படக்குழுவின் வாகனங்கள் நமீப் பாலையின் எளிதில் சிதையும் பகுதிகளுக்கு ஊறு செய்தன என்று 2013இல் புகார் எழுந்தது. அந்நாட்டின் திரைப்பட ஆணையம் அதனை மறுத்தது. நமீப் வெறும் மணற்பரப்பு அன்று. உலகின் மிகப் பழைய பாலைகளுள் ஒன்று. அதன் சரளைச் சமவெளியில் பதிந்த சக்கரத் தடம் மறையப் பல்லாண்டுகள் ஆகும். கடற்பனியை உண்டு வாழும் பாசிகளும் பூச்சிகளும் அங்கு உண்டு. உலகைக் கொன்றவர் யார் என்று கேட்கும் படம், தான் நின்ற நிலத்துக்கு என்ன செய்தது என்ற கேள்விக்கு ஆட்படத்தான் வேண்டும். அந்த நிலத்தை உலகழிவின் வெற்று மேடையாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அதன் மக்களுக்குக் கதையில் இடமே தராததும் கேட்கத்தக்க குறையே. இக்குறைகளை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று காண்க: இவையும் பார்த்தலைப் பற்றிய குறைகளே. எதைப் படம் பார்த்தது, எதைப் பாராமல் விட்டது என்று கேட்பவரே இவற்றைக் கண்டுகொள்வர். 'கருத்து எங்கே?' என்று தேடுபவர் கண்ணில் இவை படுவதில்லை.

கருத்தையும் கைத்திறத்தையும் இரண்டாகப் பிளக்கும் நோய் நமக்கு மட்டும் உரியதன்று. 2016 பிப்ரவரியில் நடந்த ஆஸ்கர் விழாவில் இப்படம் பத்துப் பிரிவுகளில் போட்டியிட்டு ஆறு விருதுகளைப் பெற்றது. படத்தொகுப்பு, உடையமைப்பு, கலை இயக்கம், ஒப்பனை, ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு என்று எல்லாம் 'தொழில்நுட்ப' விருதுகள். சிறந்த படம், சிறந்த இயக்குநர் ஆகிய இரண்டும் பிறருக்குச் சென்றன. திரைக்கதைக்கோ போட்டியில் இடம்கூடக் கிடைக்கவில்லை. கைகளுக்கெல்லாம் மோதிரம் அணிவித்துவிட்டு, அக்கைகளை இயக்கிய மனத்துக்கு வாசலை அடைத்த விந்தை அது. தச்சன் நல்லவன், தேர் நல்லது, ஆனால் தேரை எண்ணியவன் எவனும் இல்லை என்று சொல்வது போன்றது.

'கதை வேண்டும்' என்றவர்களுக்குக் கதையும் கிடைத்தது. 2024இல் மில்லர் 'ஃப்யூரியோசா' என்னும் முன்கதைப் படத்தைத் தந்தார். அவள் எவ்வாறு கடத்தப்பட்டாள், கையை எவ்வாறு இழந்தாள் என்பன யாவும் அதில் அதிகாரம் அதிகாரமாக விரிக்கப்பட்டன. அதுவும் நல்ல படமே. ஆயினும் வணிகத்தில் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. முதற்படத்தில் தெரோன் நெற்றியில் மசியைத் தேய்த்துக்கொண்டு எதிரே நோக்கும் ஒரு பார்வையில் அடங்கிக் கிடந்த கடந்தகாலம், இங்கே இரண்டரை மணி நேரமாக நீண்டது. விரித்துச் சொன்னதால் அது பெரிதாகிவிடவில்லை. கதை கேட்டு வழக்காடிய அன்பர்களுள் எத்தனை பேர் அதற்கு அரங்கு சென்றனர் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

நம் பூசல் ஒரு படத்தைக் காப்பதற்காக மட்டும் அன்று. படம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. காட்சிகள் இன்று பெருவெள்ளமாக நம்மேல் பாய்கின்றன. கையடக்கத் திரையில் நாள்தோறும் ஆயிரம் அசைவுகள். இவற்றுள் எது நம்மை மதித்துக் காட்டப்பட்டது, எது நம்மை மயக்கக் காட்டப்பட்டது என்று பிரித்தறியும் ஆற்றல் மாணவருக்கு உயிர்த்தேவை. அவ்வாற்றலைப் பயிற்றுவிக்க வேண்டிய இலக்கிய ஆசிரியரும் வாசகரும், "காட்சிதானே, அதில் என்ன இருக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், அம்மாணவர் யாரிடம் போய்க் கற்பர்? காட்சியை இகழ்பவர் காட்சியிலிருந்து தப்புவதில்லை. அதற்கு எளிதில் அடிமையாகிறார். கோட்டையின் உச்சியில் நின்று தண்ணீரைக் காட்டி மூடும் ஜோவுக்கு வேண்டியதும் அத்தகைய கண்களே: வியந்து அண்ணாந்து நோக்கும், ஆராயாத கண்கள்.

ஆகவே அடுத்த முறை "கண்ணுக்கு விருந்து, கருத்துக்குப் பட்டினி" என்று சொல்ல வாயெடுக்கும் அன்பர், ஒன்றை மட்டும் செய்து பார்க்கட்டும். அத்துப்பாக்கிக் காட்சியை ஒலியை அடக்கிவிட்டு மீண்டும் பார்க்கட்டும். யார் எங்கே நிற்கிறார், எப்போது யார் அசைகிறார், அந்தத் தோள் எந்தக் கணத்தில் தாழ்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளட்டும். அதன் பின்னும் அங்கே கருத்தில்லை என்று அவருக்குத் தோன்றுமானால், பட்டினி கிடப்பது கருத்து அன்று, கண்தான்.